எஸ்.டி.சி-1000 கன்ட்ரோலர்: விலைக்கு மிஞ்சிய வேலை, வயரிங்கில் கவனம்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் முதலில் செய்துகொள்ள வேண்டியது பீரின் அடர்த்தியை அளக்கும் வைஃபை ஹைட்ரோமீட்டர் அல்ல, பழைய பிரிட்ஜை நொதிப்பு அறையாக்கும் வெப்பக் கட்டுப்பாடுதான். அமெரிக்கா, பிரிட்டன் பக்கத்து ஹோம் ப்ரூவர்கள் பல வருடமாக இதற்கு எடுப்பது எஸ்.டி.சி-1000 என்ற சீனத் தயாரிப்பு. சின்னப் பெட்டிக்குள் 10 ஆம்பியர் ரிலே (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) இரண்டு: ஒன்று பிரிட்ஜுக்கு, மற்றது ஹீட்டருக்கு.

வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள். 12, 24, 110, 220 வோல்ட் மாடல்கள் எல்லாம் முகத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 12 வோல்ட் மாடலுக்கு மெயின்ஸைக் கொடுத்தால் அதோடு போயிற்று.

பலர் சறுக்குவது வயரிங்கில். வயர் மாட்டும் முனைகளின் எண்கள் இவை: 1, 2 பவர். 3, 4 சென்ஸார். 5, 6 ஹீட்டிங். 7, 8 கூலிங். 5 முதல் 8 வரை எதிலும் தானாக மின்சாரம் வராது. அவை வெறும் சுவிட்ச். பவர் ஃபேஸிலிருந்து 5-க்கும் 7-க்கும் ஜம்பர் இழுத்து, 6-ஐ ஹீட்டர் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் 8-ஐ பிரிட்ஜ் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் கொடுங்கள். நியூட்ரலும் எர்த்தும் நேராக இரண்டு சாக்கெட்டுக்கும் போகும். கன்ட்ரோலரில் எர்த் முனை இல்லையே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஈரம் படுகிற இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இனி மெனு. எஃப்1 இலக்கு வெப்பம்: ஏல் (சற்றுக் கூடிய வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை) என்றால் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி. எஃப்2 வித்தியாசம், அதாவது இலக்கிலிருந்து எவ்வளவு விலகினால் ஹீட்டரோ பிரிட்ஜோ ஓட வேண்டும் என்பது; 0.5 போதும். எஃப்3 கம்ப்ரஸர் தாமதம். 3 நிமிடத்துக்குக் கீழே இறக்காதீர்கள். நின்ற கம்ப்ரஸரை உடனே கிளப்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். மாற்றிய பிறகு பவர் பொத்தானைத் தட்டினால்தான் சேமிக்கும். 10 விநாடி சும்மா விட்டால் பழைய எண்ணே நிற்கும். இந்த மெனுவை யோசித்தவர் யாரோ!

சென்ஸாரைக் காற்றில் தொங்கவிட்டால் எல்லாம் வீண். நொதிப்பு உச்சத்தில் வோர்ட் (பீராக மாறும் மால்ட் சாறு) சுற்றுக் காற்றைவிட 3, 4 டிகிரி கூடுதலாகவே இருக்கும். திரையில் 19 காட்டும்போது ஈஸ்ட் 22-ல் வெந்து, பீரில் சாராய நெடி ஏறும். பெர்மென்டரின் (நொதிப்புப் பாத்திரத்தின்) பக்கவாட்டில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டி, மேலே தடித்த ஃபோம் துண்டை வைத்து மூடுங்கள். உள்ளே முக்கினால் நாளடைவில் தண்ணீர் புகுந்து அளவு தப்பும். வயர் எட்டாவிட்டால் சாதாரண இரட்டை வயரில் நீட்டலாம்; 10 கிலோ ஓம் சென்ஸாருக்கு அந்த ஓரிரு ஓம் ஒரு பொருட்டே இல்லை.

20 லிட்டருக்கு 30, 40 வாட் ஹீட்டிங் பெல்ட் தாராளம். பெரிய ஹீட்டர் மாட்டினால் சென்ஸாருக்குச் சூடு எட்டுவதற்குள் அளவு மிஞ்சிவிடும். பிறகு பிரிட்ஜ் ஓடும், மறுபடி ஹீட்டர் ஓடும். அப்படி நடந்தால் எஃப்2-ஐ 1 ஆக்குங்கள். பிரிட்ஜும் திருகு குமிழ் வைத்த பழைய ரகமாக இருக்கட்டும், குமிழை அதிகக் குளிரில் விடுங்கள். டிஜிட்டல் பிரிட்ஜ்களில் சில, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாது.

லாகரை (குளிரில் நொதிக்கும் பீர் வகையை) 10 டிகிரியிலிருந்து 18-க்குப் படிப்படியாக ஏற்ற இதில் வழி இல்லை, கையால்தான் மாற்ற வேண்டும். ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராமிங் போர்டு வழியாக எஸ்.டி.சி-1000+ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அந்த வசதி வந்துவிடும். ஆனால் உள்ளே பிக் (PIC) ரகச் சிப் இருக்கிற கன்ட்ரோலர் போர்டில்தான் அது ஏறும். வேறு சிப் போட்ட நகல்களும் சந்தையில் உண்டு என்பதால், திறந்து பார்க்காமல் ஆர்டுயினோவுக்குச் செலவு செய்ய வேண்டாம். வயரைத் தொடவே தயங்குகிறவர்களுக்கு, சாக்கெட் இரண்டும் மாட்டியே வரும் இங்க்பேர்ட் ஐ.டி.சி-308 என்ற கன்ட்ரோலர் இருக்கிறது.