பியானோ மென்பொருளுக்கு வயரா, வயர்லெஸ்ஸா?

புளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பியானோ மென்பொருள் (கட்டைப் பலகையைக் கணினியோடு இணைத்து வாசிக்க, கணினியே பியானோ ஒலியை எழுப்புவது) வாசிக்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள், வாசிக்க ஒரு வயர் ஹெட்போன் எடுங்கள்.

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் பியானோ கிரேட் ஃபைவ் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தாள். தொடர்மாடி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, அதனால் இரவு எட்டரைக்குப் பிறகு ஸ்பீக்கர் போட முடியாது. பிறந்தநாளுக்குக் கிடைத்த வயர்லெஸ் ஹெட்போனை லப்டொப்போடு இணைத்து வாசித்தாள். நல்ல ஹெட்போன்தான், பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் "மாமா, எவ்வளவு பழகினாலும் கை வேகமாப் போகுதில்லை" என்றாள். தாளம் இழுபடுகிறது என்று டீச்சரும் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் வாங்கிக் காதில் போட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன். முதலில் கட்டை அடியில் போய் முட்டுகிற "டொக்", அதற்குப் பிறகு சுரம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. பிள்ளை ஒவ்வொரு சுரமும் வரும்வரை விரலைக் காக்கவைத்து வாசித்திருக்கிறாள். இதுதான் எனக்குக் கவலை. தாமதம் காதுக்கு எரிச்சல் தருவதோடு நிற்பதில்லை, கையைப் பழுதாக்குகிறது. சத்தம் வரவில்லையே என்று பலமாகத் தட்டவும் வைக்கும்.

ஏன் இப்படி? புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபக்கத்தில் விரித்து, இடையில் துண்டு விழாமல் இருக்கக் கொஞ்சம் சேமித்தும் வைக்க வேண்டும். வழக்கமான எஸ்பிசி, ஏஏசி என்ற சுருக்கும் முறைகளில் இதற்கெல்லாம் 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை போய்விடும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகிறது, அப்படியென்றால் 200 மில்லிசெக்கன் தாமதத்தோடு வாசிப்பது பியானோவை ஏறத்தாழ 69 மீற்றர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். நீங்கள் வீட்டுக்குள் கட்டையை அழுத்த, ஒழுங்கையில் நாலைந்து வீடு தள்ளிச் சுரம் கேட்கிறது. படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் கருவி படத்தையும் அதே அளவுக்குப் பிந்தவைத்துச் சமாளித்துவிடும். விரலை யார் பிந்தவைப்பது?

வயரில் கணக்கே வேறு. கணினி ஒலியைச் சின்னத் துண்டுகளாகச் சேர்த்து அனுப்பும், அந்தத் துண்டுதான் பஃபர். செக்கனுக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) போகிற 44.1 கிலோஹேர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லிசெக்கன், 256 என்றால் 5.8. ஒலியை வெளியே அனுப்புகிற டிரைவர் மென்பொருள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், ஆனாலும் ஒழுங்காக அமைத்தால் 10 மில்லிசெக்கன் அளவில் நிற்கும். அது மூன்றரை மீற்றர்கூட இல்லை, பியானோ அதே அறைக்குள்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று, எல்லாப் பழியையும் ஹெட்போன் தலையில் போட்டுவிடாதீர்கள். வயரைச் செருகிய பிறகும் பிந்தினால் விண்டோஸின் சாதாரண டிரைவரில் ஓடுகிறதா என்று பாருங்கள். மென்பொருளின் ஓடியோ அமைப்பில் தாமதம் குறைந்த ஏசியோ வகை டிரைவரைத் தெரிவு செய்ய வேண்டும், தனி ஓடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இணைக்கிற ஒலிப் பெட்டி) இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ ஃபோர் ஓல் (ASIO4ALL) டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். பிறகு பஃபரைப் படிப்படியாகக் குறையுங்கள், ஒலி கரகரக்கத் தொடங்கினால் ஒரு படி கூட்டுங்கள். மக் கணினியில் இந்தத் தலையிடி குறைவு.

வயர்லெஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை ஏறத்தாழ 40 மில்லிசெக்கனுக்கு இறக்கும், ஆனால் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும், பெரும்பாலான லப்டொப்பில் இல்லை, ஐபோன், ஐபேடில் ஏப்டிஎக்ஸே இல்லை. யூஎஸ்பி டொங்கிளோடு (கணினியில் செருகுகிற சின்னத் துண்டு) வருகிற 2.4 கிகாஹேர்ட்ஸ் கேமிங் ஹெட்செட்டுகள் புளூடூத்தைவிட எவ்வளவோ வேகம், மெதுவான பாடம் ஒன்றைச் சமாளிக்கலாம். வேகமான ஸ்கேலுக்கு (சுர வரிசைப் பயிற்சி) எனக்கு அதுவும் போதாது. அதோடு தொடர்மாடியில் வீட்டுக்கு வீடு வைஃபை, பலதும் அதே 2.4 அலைவரிசையில், ஒன்றையொன்று குழப்பும்.

வயர்லெஸ் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அதை மற்றப் பக்கத்தில், பியானோவுக்கும் கணினிக்கும் இடையில் வையுங்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான் மிடி என்ற முறையில் போகிறது, ஒலி போவதில்லை, ஒரு நோட்டுக்கு மூன்றே பைட். அதனால் புளூடூத் மிடியில் கூடுகிற தாமதம் புளூடூத் ஒலியைவிட மிகக் குறைவு, வீட்டில் பழக அது போதும். ஒரே ஒரு துளை உள்ள ஐபேட் பாவிப்பவர்களுக்கு இது பெரிய வசதி: ரோலண்ட் எஃப்பி-10 மாதிரி புளூடூத் மிடி உள்ள பியானோவைக் காற்றில் இணைத்துவிட்டு, அந்தத் துளையில் ஹெட்போன் அடப்டரைச் செருகலாம். பெட்டியில் "புளூடூத்" என்று மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் எந்தப் புளூடூத் என்று கேளுங்கள். சிலவற்றில் அது போனிலுள்ள பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் போட மட்டும்தான்.

சரி, எந்த வயர் ஹெட்போன்? காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்த வகையில் ஒலி விரிந்து கேட்கும், காதும் வேகாது, ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் வாகனச் சத்தம் ஓயாத காலி வீதியைப் பார்த்த வீட்டுக்காரர்களும் மூடிய வகையே எடுங்கள். கொழும்பு வெக்கைக்கு ரெக்சின் உறை சீக்கிரம் உரிந்து தோளெல்லாம் கறுப்புத் துகள் விழும், பயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் வகையில் உள்ளது போன்ற துணி உறை நீடிக்கும். ஓம் என்பது மின்தடை, அது கூடினால் கூடிய வலு வேண்டும். அதே மொடல் 32, 80, 250 ஓம் என்று வருகிறது, நேரே லப்டொப்பில் செருகுவதற்கு 250 வேண்டாம், சத்தம் காணாது. ஓடியோ டெக்னிகா எம்40எக்ஸ் 35 ஓம், போனிலேயே போதிய சத்தம் வரும்.

காசு இல்லையென்றால் முதலில் வீட்டிலுள்ள வயர்லெஸ் ஹெட்போனைத் திருப்பிப் பாருங்கள், பலதில் 3.5 மில்லிமீற்றர் துளை இருக்கும். மருமகளுடையதிலும் இருந்தது. பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்த வயரை எடுத்துச் செருகிக் கொடுத்தேன். "டொக்" கேட்கவில்லை, சுரத்துக்குள் மறைந்துவிட்டது. முதல் தரம் ஸ்கேல் பழைய பழக்கத்தில் இழுபட்டது, மூன்றாம் தரம் அவளே வேகத்தைக் கூட்டினாள். கதிரைக்கால் ஏறாமல் வயரை முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள்.