டேப்லெட்டுக்கு வீடியோ ஏற்றுவது: கேபிளைவிடக் கார்டே மேல்

சில வருடங்களாக ஒரே ஆண்ட்ராய்டு டேப்தான் வைத்திருக்கிறேன். பத்தரை அங்குலத் திரை, 64 ஜிபி ஸ்டோரேஜ், ஓரத்தில் மெமரி கார்டு போட ஒரு சின்னத் தட்டு. கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். அதில் பார்ப்பது என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் வீடியோ வகுப்புகள்) பாடங்கள், வீட்டுக் கல்யாண வீடியோக்கள், பழைய கேம்கார்டரில் எடுத்த துண்டுகள். நெல்லை போகும் ரயிலில் விழுப்புரம் தாண்டிவிட்டால் சிக்னல் வரும், போகும். அம்மா வீட்டில் வைஃபையே கிடையாது. அதனால் எதுவானாலும் டேபுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஓடிடி ஆப்களில் டவுன்லோட் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அப்படி இறங்குவது பூட்டுப் போட்ட ஃபைல். அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது, இன்னொரு டேபுக்கு மாற்ற முடியாது. சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். பாதி படத்தில் தூங்கிவிட்டு மறுவாரம் தொடர்கிற எனக்கு இது ஒத்துவராது. இங்கே பேசப்போவது நம் கையில் சொந்தமாக இருக்கும் ஃபைல்களைப் பற்றி மட்டும்.

எல்லோரும் முதலில் எடுப்பது கேபிளைத்தான். டேபை லேப்டாப்பில் செருகினால் அது முதலில் சார்ஜ் மட்டும் ஏறும். மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தொட்டால்தான் லேப்டாப்பில் தெரியும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி அதே சடங்கு. அப்புறம் ஒரு எம்கேவி வகை வீடியோ ஃபைலை இழுத்துப் போட்டால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இது உங்கள் சாதனத்தில் ஓடாமல் போகலாம், மாற்றிக் காப்பி செய்யவா? சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படியே காப்பி செய் என்பதை அமுக்குங்கள். ஓடுமா ஓடாதா என்பது டேபில் இருக்கும் பிளேயரைப் பொறுத்தது, அது விண்டோஸுக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் எம்டிபி என்ற முறை. பென் டிரைவைப் போல டேபின் ஸ்டோரேஜை நேரடியாகத் திறந்து காட்டாமல், ஒவ்வொரு ஃபைலுக்கும் டேபிடம் கேட்டுக் கேட்டு வாங்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்காது. ஒரு ஃபோல்டர் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் திறந்து பார்த்தால் மொத்தமும் திணறும். பச்சைக் கோடு நூறு சதவீதம் வந்தபிறகும் ஜன்னல் மூடாது. பொறுமையில்லாமல் கேபிளை உருவினால் ஃபைல் முழு நீளம் காட்டும், கடைசிக் கால்மணி நேரம் மட்டும் ஓடாது. டைப்-சி வாய் இருக்கிறதே, வேகமாகத்தானே போகும் என்று நினைக்கலாம். வாயின் வடிவம் வேறு, வேகம் வேறு. மலிவு விலை டேப்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் யுஎஸ்பி 2.0தான். தாளில் நொடிக்கு 480 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) என்று இருக்கும். நடைமுறையில் 30, 35 எம்பி வந்தால் பெரிது. மேக் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அதில் எம்டிபியே கிடையாது, தனி மென்பொருள் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் கேபிளை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு கார்டுக்கு வந்துவிட்டேன். டேபை அணைத்துவிட்டுத் தட்டை வெளியே எடுத்து, கார்டை ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகினால் அது சாதாரண டிரைவ். எத்தனை ஃபோல்டர் வேண்டுமானாலும் ஒரே இழுப்பில் போடலாம், பெயர் மாற்றலாம், ஏறியது சரியாக இருக்கிறதா என்று அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். ராத்திரி காப்பி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். டேப் திரை அணைந்து தொடர்பு அறுந்துபோகுமோ என்ற பயமில்லை.

கார்டு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. டேபில் முதன்முதலாகப் போடும்போது சில மாடல்களில் ‘இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து இருக்கிற வசதி இது. ஒத்துக்கொண்டால் கார்டு முழுவதையும் அந்த டேப் மட்டுமே படிக்கிற மாதிரி பூட்டிவிடும், லேப்டாப்பில் செருகிப் பயனில்லை. ‘போர்ட்டபிள்’ என்பதைத்தான் எடுக்க வேண்டும். ஃபார்மட், அதாவது கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறை, எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும். பழைய முறையான ஃபேட் 32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த முறையில் இருக்கும் பென் டிரைவில் இருபது ஜிபி காலி கிடக்கும். ஆறு ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டால் ‘ஃபைல் பெரிது’ என்று விண்டோஸ் திருப்பி அனுப்பும். டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று கடையில் கொண்டுபோய்ச் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேகத்துக்காகக் கார்டில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நல்ல தரத்தில் இருக்கும் 1080பி வீடியோ நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு எம்பியில் முக்கால் பங்குகூட இல்லை. கிளாஸ் 10 கார்டு குறைந்தபட்சம் நொடிக்கு 10 எம்பி எழுதும். பார்ப்பதற்கு அது தாராளம். வேகமான கார்டால் காப்பி நேரம்தான் குறையும். பணம் போட வேண்டியது அசல் கார்டுக்கு. மேலே 256 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 32 மட்டும் இருக்கிற கார்டுகள் சந்தையில் ஏராளம். லேப்டாப்பும் 256 என்றே காட்டும், காப்பியும் முடியும். 32ஐத் தாண்டிப் போன வீடியோ எதுவும் திறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவசக் கருவி இருக்கிறது. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் எடுக்கும், பரவாயில்லை. வாங்கிய அன்றே ஓட்டிவிட்டால் மாற்றித் தரும் கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

ஏற்றுவது இவ்வளவுதான். நேரம் தின்பது ஏற்றுவதற்கு முன்னால் இருக்கும் வேலை.

என்பிடெல் பாடங்களில் சிக்கலே இல்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. டவுன்லோட் செய்துகொள்ள அவர்களே வழி வைத்திருக்கிறார்கள், எம்பி4 ஆகவே கிடைக்கும். கரும்பலகையும் ஸ்லைடும்தான் என்பதால் படம் அதிகம் அசையாது, அரைமணி நேரப் பாடம் சின்ன ஃபைலாக அடங்கிவிடும். ஒரே ஒரு யோசனை: பாட ஃபோல்டருக்குள் முன்னால் புள்ளி வைத்து ‘நோமீடியா’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட காலி ஃபைல் ஒன்றைப் போட்டுவிடுங்கள். கேலரி ஆப் அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காது. இல்லாவிட்டால் குழந்தை போட்டோக்களுக்கு நடுவே நாற்பது பேராசிரியர்கள் நிற்பார்கள்.

கல்யாண டிவிடி அப்படியல்ல. திறந்தால் விடிஎஸ் என்று தொடங்கும் பெயர்களில், 1 ஜிபி 1 ஜிபியாக வெட்டிய விஓபி ஃபைல்கள். அப்படியே கார்டில் போட்டாலும் ஓடும், ஆனால் முகூர்த்தம் ஒரு துண்டில், மாலை மாற்றுவது இன்னொரு துண்டில். அதைவிடப் பெரிய தொல்லை, அந்தக் கால வீடியோ இன்டர்லேஸ் முறையில் இருக்கும். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணம் என்று பதிவாகியிருக்கும். பழைய டிவியில் கண்ணுக்குத் தெரியாது. டேபில் இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிவதால், அசைகிற எதன் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நிற்கும். கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரரின் விரல்களைப் பாருங்கள், கையே இருக்காது, கோடுகள்தான்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். டிவிடியின் ஃபோல்டரை மொத்தமாகத் திறந்தால் துண்டுகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ‘பாப்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகை 25 ஃப்ரேமாகவே தரும். பாப் இரண்டு பாதிகளையும் தனித்தனி ஃப்ரேமாக விரித்து 50 ஆக்கும். ப்ரீசெட் (தயாராக வரும் அமைப்பு) ஃப்ரேம் ரேட்டை 30க்குள் கட்டிவைத்திருந்தால் அதையும் 50க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாப் செய்ததற்கு அர்த்தமில்லை. மாற்றிய பிறகு தவில் விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தரத்துக்கு ஆர்எஃப் என்ற அளவை 20இல் வைக்கிறேன்; எண் குறைந்தால் தரம் கூடும். நாலு ஜிபிக்கு மேலிருந்த டிஸ்க் ஒன்றரை ஜிபி சொச்சத்துக்கு வந்தது. வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான ஹெச்265 போட்டால் இன்னும் சுருங்கும்தான். ஆனால் பழைய லேப்டாப்பில் மாற்றி முடிக்க மணிக்கணக்காகும், வாங்கிப் பார்க்கப்போகும் அத்தையின் பழைய டேபில் அது ஓடுமா என்பதும் சந்தேகம். குடும்பத்தில் சுற்றப்போகிற வீடியோ என்றால் அதற்கு முந்தைய முறையான ஹெச்264, எம்பி4. அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மூலக் காப்பியை ஹார்டு டிஸ்கில் அப்படியே வைத்திருங்கள்.

எல்லாவற்றையும் மாற்றித் தள்ளவும் கூடாது. கேம்கார்டர் எம்டிஎஸ் ஃபைல்களை கேலரியில் திறந்தால் படம் ஓடும், சத்தம் வராது. வீடியோ பழுது என்று நினைத்து ஹேண்ட்பிரேக்கில் போடுவார்கள். உண்மையில் இந்த ஃபைல்களைத் தரும் ஏவிசிஹெச்டி வகைக் கேமராக்கள் ஒலியைப் பெரும்பாலும் ஏசி3 முறையில் பதிகின்றன, அதை எல்லா ஆப்பும் படிக்காது. விஎல்சி போட்டால் சத்தம் தானாக வரும். டேபில் நான் வைத்திருக்கும் ஒரே பிளேயர் அதுதான். விளம்பரம் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும், பேராசிரியர் இழுத்து இழுத்துப் பேசினால் ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓட்டலாம். இடைமுகம் அழகு என்று சொல்ல மாட்டேன். பழைய தமிழ் சப்டைட்டில் ஃபைல்கள் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் விஎல்சியைக் குறை சொல்ல வேண்டாம். அந்த சப்டைட்டில் (எஸ்ஆர்டி) ஃபைலை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

வயர் இல்லாமல் அனுப்பும் வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் ஊரே ஷேர்இட் வைத்திருந்தது; 2020 ஜூனில் அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் போயிற்று. இப்போது போனிலிருந்து டேபுக்கு ஒன்றிரண்டு கிளிப் அனுப்ப க்விக் ஷேர் நன்றாகவே வேலை செய்கிறது. முப்பது பாடம், நாற்பது பாடம் என்றால் கார்டுதான்.

மச்சான் ஐபேட் வைத்திருக்கிறார், அதில் கார்டுக்கு இடமில்லை. அவர் விஎல்சியின் வைஃபை ஷேரிங்கை ஆன் செய்து, அது காட்டும் முகவரியை லேப்டாப் பிரவுசரில் அடித்து வீடியோக்களை இழுத்துப் போடுகிறார். முடியும்வரை ஆப் திறந்தே இருக்க வேண்டும். “அவ்வளவு நேரம் டேபைத் தொடாம உட்கார முடியலைங்க மாப்ள” என்று புலம்பினார். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13இலிருந்து பென் டிரைவை நேரடியாகச் செருகி ஃபைல்ஸ் ஆப்பில் காப்பி செய்யலாம், இப்போது அப்படித்தான் செய்கிறார். ஒன்று மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்: விஎல்சிக்குள் ஏற்றிய வீடியோக்கள் அந்த ஆப்புக்குள்ளேயே இருப்பவை. இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கினால் வீடியோவும் சேர்ந்து போகும்.

கார்டு முறையிலும் குறை உண்டு. அந்தத் தட்டை அடிக்கடி எடுத்துப் போட்டதில் அதன் விளிம்பு லேசாக ஆட்டம் காண்கிறது, தட்டைத் திறக்கும் ஊசியைத் தேடுவது தனி எரிச்சல். அதனால் வாராவாரம் மாறுகிற பாடங்களுக்கு ஒரு பக்கம் சாதா யுஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி வைத்த பென் டிரைவ் ஒன்று வாங்கிவிட்டேன். லேப்டாப்பில் ஏற்றி, டேபில் செருகி, விஎல்சியில் அப்படியே ஓட்டுகிறேன், காப்பிகூடச் செய்வதில்லை. பார்த்துக்கொண்டே சார்ஜ் போட முடியாது, வாய் ஒன்றுதான். எனவே ரயிலுக்குக் கார்டு, வீட்டுக்குப் பென் டிரைவ். அடுத்த டேப் வாங்கும்போது கடைக்காரர் ப்ராசசர், கேமரா என்று ஆரம்பிப்பார். நான் முதலில் கேட்கப்போவது கார்டுத் தட்டு இருக்கிறதா என்பதை.