பெட்டி புதுசு, ஜிம்பல் பழசு

2024 பொங்கலுக்கு முந்தின வாரம் 38,500 ரூபாய் கொடுத்து ஒரு ஜிம்பல் வாங்கினேன், அதாவது கேமரா ஆடாமல் பிடித்துக்கொள்ளும் மோட்டார் வைத்த கைப்பிடி. டிஜேஐ ஆர்எஸ் 3. புதுசு என்று சொல்லித்தான் விற்றார்கள். அது எனக்கு முன்னால் ஒன்றரை வருடம் வேறு யாரிடமோ உழைத்து, எங்கேயோ விழுந்து அடிபட்டு, துடைத்து எடுத்துப் புதுப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஒன்று என்பது படப்பிடிப்பின் நடுவில்தான் தெரிந்தது. கல்யாண வீடியோ எடுத்துச் சேர்த்த காசை அடுத்து யாராவது இப்படிக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். கடை அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸில் கேட்கவும் வேண்டாம். காரணம் கீழே வரும்.

என் குறும்படத்தில் ஒரே ஒரு ஷாட்டுக்குத்தான் ஜிம்பல் தேவைப்பட்டது. பெரியவர் ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நான்கு மாடி ஏறுகிறார். கேமரா அவர் பின்னாலேயே ஏற வேண்டும், நடுவில் வெட்டே கிடையாது. கையில் பிடித்து எடுத்துப் பார்த்தோம். பெரியவரை யாரோ துரத்துகிற மாதிரி இருந்தது.

படிக்கட்டு என்றதும், கேமரா குலுங்காமல் தாங்கும் பழைய கருவியான ஸ்டெடிகாமின் கதை ஞாபகம் வராமல் இருக்காது. அந்தக் கருவியைக் கண்டுபிடித்த கேரட் பிரவுன், கருவியின் திறமையைக் காட்ட எடுத்த சோதனைப் படத்தில் அவருடைய தோழி ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடுவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் 1976-இல் வந்த 'ராக்கி' படத்தில் அதே படிகளில் அந்த ஓட்டத்தை வைத்தார்கள். அந்தக் கருவியில் கேமராவைத் தாங்கியது எடையும் ஸ்பிரிங் கையும்தான், மோட்டார் இல்லை. உடம்பில் கட்டிக்கொண்டு தூக்க வேண்டும், நிறையப் பழக வேண்டும். அதற்கெல்லாம் வழியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு மோட்டார் ஜிம்பல் ஒரு வரம். ஆனால் ஒரு விஷயம். மூன்று அச்சு ஜிம்பல் கேமரா திரும்புவதையும் சாய்வதையும்தான் அடக்கும். நடக்கும்போது வரும் மேல்-கீழ் குலுக்கலை நம் முழங்கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு மாதம், தண்ணீர் நிரம்பிய சொம்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

சரி, கடைக்கு வருவோம். கடைக்காரர் நன்றாகவே பேசினார், டீ வரவழைத்தார். "பில்லோட வேணுமா, பில் இல்லாமலா சார்?" என்றார். பில்லோடு என்றால் 46,000. இல்லாமல் என்றால் 38,500. வித்தியாசம் 7,500. எனக்கு அது இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு, என் ஒருவனுக்கு இல்லை, மொத்த யூனிட்டுக்கும். "அப்ப வாரண்டி?" என்று கேட்டேன். "பெட்டியில சீரியல் நம்பர் இருக்குல்ல சார், அதுதான் வாரண்டி." தலையை ஆட்டிவிட்டு ஜிபேயில் பணம் அனுப்பினேன். திரையில் கடையின் பெயருக்குப் பதில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "வீட்டம்மா அக்கவுண்ட் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை." ஒரு துண்டுச் சீட்டில் 'ஜிம்பல் 1 – 38,500' என்று எழுதிக் கொடுத்தார். முத்திரைகூட இல்லை.

பெட்டியில் பிளாஸ்டிக் உறை இருந்தது. கடைப் பையன் பிளேடால் கிழித்துத் திறந்தான். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆன் செய்ததும் நேராக வேலைத் திரை வந்து நின்றது. புது ஆர்எஸ் 3 அப்படி வராது. முதலில் மொழி கேட்கும், அப்புறம் போனில் ரோனின் ஆப்போடு இணைத்து ஆக்டிவேட் செய்யச் சொல்லும். ஐந்து தடவை வரைக்கும் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் ஆக்டிவேட் செய்யாமல் ஓடாது. இதைப் பற்றி அரைகுறையாகப் படித்திருந்ததால், "ஆக்டிவேஷன் கேக்கலையே?" என்று கேட்டேன்.

"நாங்களே செக் பண்ணி ஆக்டிவேட் பண்ணித்தான் தருவோம் சார். உங்களுக்கு வேலை மிச்சம்."

உறை பிரிக்காத பெட்டிக்குள் இருந்ததை எப்படி செக் செய்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை, வீட்டுக்குப் போகிற வழியிலும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தது.

பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு படப்பிடிப்பு. நடிக்க வந்த ஐயா பழைய நாடகக்காரர், வயது 68. முதல் டேக்கில் முதல் மாடி வரைக்கும் பிரமாதமாகப் போனது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேமராவை லேசாக மேலே நிமிர்த்தினேன். கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்தது, வைப்ரேட்டில் போட்ட செல்போனைப் பிடித்திருப்பது மாதிரி. அப்புறம் மானிட்டரில் மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் மெதுவாக இடது பக்கம் சரிந்துகொண்டே போனது. வீடு கவிழ்கிறது போல.

நிறுத்தினோம். மறுபடி பேலன்ஸ் செய்தோம். கேமரா எடைக்கு ஏற்றபடி மோட்டாரே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூன் போட்டோம். தரையில் வைத்து சென்சாரை காலிபிரேட் செய்தோம். மோட்டாரின் விறைப்பைக் குறைத்தால் நடுக்கம் குறைந்தது, சாய்வு கூடியது. கூட்டினால் தலைகீழ். இப்படியே ஐந்து டேக். அதாவது ஐயா கிட்டத்தட்ட இருபது மாடி ஏறியிருக்கிறார். ஐந்தாவது டேக் முடிந்ததும் படியிலேயே உட்கார்ந்து, "தம்பி, குடத்துல தண்ணியைப் பாதியாக் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார். தண்ணீர் தளும்பினால்தான் நன்றாக இருக்கும் என்று அடம்பிடித்து முழுக் குடமாக வைத்தவன் நான்தான். இந்த மொத்தக் கதையிலும் 38,500 ரூபாயைவிட எனக்கு உறுத்துவது அந்தக் கேள்வி.

உதவிக்கு வந்திருந்த நண்பன் முன்பு ஒரு வாடகைக் கடையில் வேலை பார்த்தவன். அவன் கேமராவைக் கழற்றினான், ஜிம்பலை அணைத்தான், மூன்று அச்சுகளின் பூட்டையும் திறந்துவிட்டு ஒவ்வொரு கையையும் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தான். பக்கவாட்டில் திருப்பும் பேன் கை வெண்ணெய் மாதிரி சுற்றியது. மேலும் கீழும் நிமிர்த்தும் டில்ட் கையும் அப்படியே. இடது, வலது சாய்வைப் பிடிக்கும் ரோல் கை பாதி தூரம் வந்து ஓரிடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் அம்மியில் மிளகு நொறுங்குகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. "மச்சி, இது விழுந்த சரக்குடா" என்றான். முப்பது விநாடிகூட ஆகவில்லை. கடையில் டீ குடித்த நேரத்தில் இதை இருபது தடவை செய்திருக்கலாம்.

அன்று இரவே சாலிகிராமத்தில் வேறொரு ஜிம்பலை வாடகைக்கு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது டேக்கில் ஷாட் ஓகே. குடத்தில் பாதித் தண்ணீர்தான். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நான் நீட்டிய பெட்டியை வாங்கவே இல்லை. ஆப்பைத் திறக்கச் சொல்லி, கருவிக்குள் பதிவாகியிருக்கும் சீரியல் எண்ணை எடுத்தார். அப்புறம்தான் பெட்டியைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. என் கையில் இருந்த கருவி 2022 ஜூலையில் ஆக்டிவேட் ஆனது, நான் வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே வாரண்டி முடிந்துவிட்டது. பெட்டி எந்தக் கருவியுடையது என்பது பெட்டிக்கே வெளிச்சம். பிரித்துப் பார்த்ததில் ரோல் மோட்டார் பக்கம் அடிபட்ட தடம், ஒரு திருகாணி வேறு ரகம். சரிசெய்ய 14,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள்.

மறுபடி கடை. இந்தத் தடவை டீ இல்லை. "பேக்டரியிலயே பெட்டி மாறியிருக்கும் சார்" என்றார் முதலில். ஆக்டிவேஷன் தேதியைச் சொன்னதும், "நீங்க ஓவர்லோட் பண்ணிட்டீங்க, அதான் மோட்டார் போச்சு" என்றார். ஆர்எஸ் 3 தாங்கும் எடை 3 கிலோ. என்னிடம் இருந்தது சோனி ஏ7 3, பாட்டரியோடு 650 கிராம். டாம்ரான் 17-28 லென்ஸ் 420 கிராம். சொன்னால் நம்பவில்லை, "ரிக் மாட்டியிருப்பீங்க" என்றார், கேமராவைச் சுற்றி மாட்டும் கூடுதல் சட்டத்தைச் சொல்கிறார். எனக்கு வெறியே வந்துவிட்டது. எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போய், ஷூட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் மாட்டிய கேமராவைத் தராசில் வைத்து வீடியோ எடுத்தேன். 1.160 கிலோ. "என்ன தம்பி, கிலோ என்ன விலைக்குப் போடப் போறே?" என்றார் அண்ணாச்சி. வீடியோவைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். கேமரா ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்ளாது. ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைக்கத் தேவையான கருவியை வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதெல்லாம் எனக்கு வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழன் சொன்னது. "பில் எங்கடா?" என்றும் அவன்தான் கேட்டான்.

பில் இல்லை. என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். வாங்குவதற்கு முதல் நாள் அவரே 'பிராண்ட் நியூ, பாக்ஸ் பீஸ் சார்' என்று அனுப்பியிருந்தார். அதையும் ஜிபே ரசீதையும் சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளையும் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. கடையின் ஜிஎஸ்டி எண் என்ன, இந்த விற்பனை எந்தக் கணக்கில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி கேட்டிருந்தோம். பத்தாவது நாள் போன் வந்தது, குரலில் பழைய மரியாதை திரும்பியிருந்தது. 15,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். தோழன் வேண்டாம், போராடலாம் என்றான். எனக்கு டப்பிங் தியேட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். பணம் தரும்போது, இனி கடை பெயரில் எங்கும் புகார் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பெயர் போடாததற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் வாங்கப் போனால் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கருவியை மட்டும் பாருங்கள். ஆன் செய்ததும் ஆக்டிவேஷன் கேட்க வேண்டும். உங்கள் போனில், உங்கள் கணக்கில், கடையிலேயே ஆக்டிவேட் செய்யுங்கள். ஆப் காட்டும் எண்ணும் பெட்டி எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சீரியல் எண் போடாத பில் பாதி பில்தான். பழையது வாங்கினால் அந்தச் சுண்டுவிரல் சோதனையைச் செய்யுங்கள், உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, படியோ மேடோ இருக்கிற இடத்தில் பத்து நிமிடம் நடங்கள், கேமராவை மேலும் கீழும் முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். சமதளத்தில் என் ஜிம்பலும் நன்றாகத்தான் நடந்தது. ஒரே ஒரு ஷாட்டுக்காகத்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகை 1,500 ரூபாய்.

போன மாதம் அந்த ஜிம்பலைத் தள்ளிவிடலாம் என்று, ரோல் மோட்டார் பழுது, உதிரிப் பாகத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதி விளம்பரம் போட்டேன். அரை மணி நேரத்தில் முதல் போன். மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை, பாட்டரி எப்படி என்று கேட்கவில்லை.

"ப்ரோ, பெட்டி இருக்கா? ஸ்டிக்கர் நல்லா இருக்கா? பெட்டி மட்டும்னா எவ்வளவு?"

வைத்துவிட்டேன். பரணில் இருந்து பெட்டியை இறக்கி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். நன்றாக ஒட்டியிருந்தது, வருவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது.