மாசம் ரெண்டாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்க எந்தக் கணக்கு?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவரோ, கோவையில் இப்போதுதான் முதல் வேலைக்குச் சேர்ந்த பையனோ, மாசம் ஆயிரமோ ரெண்டாயிரமோ ஒதுக்கிப் பங்கு வாங்கலாம் என்று இறங்கினால் எதிரே மூணு கடை இருக்கிறது. செல்போனில் ஆப் வைத்திருக்கும் தள்ளுபடி புரோக்கர்கள், சேமிப்புக் கணக்கோடு சேர்த்தே டீமேட் (பங்குகளைக் காகிதமில்லாமல் வைத்துக்கொள்ளும் கணக்கு) கொடுக்கும் பேங்க்குகள், அப்புறம் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் போர்டு மாட்டியிருக்கும், பெரிய புரோக்கருக்கு ஏஜென்டான சப்-புரோக்கர் ஆபீஸ். "எந்த ஆப் நல்லாருக்குங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆப் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சின்னப் பணம் போடுகிறவர் கேட்க வேண்டியது, ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பிடிப்பீர்கள், விற்கும்போது எவ்வளவு பிடிப்பீர்கள், இந்த ரெண்டே ரெண்டு கேள்விதான்.

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கி அப்புறம் விற்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். அரசாங்கம் பிடிப்பது எந்தக் கடையானாலும் ஒன்றுதான்: எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், முத்திரைத்தாள் கட்டணம் வாங்கும்போது மட்டும் 0.015 சதவீதம். ஆயிரத்துக்கு எல்லாம் சேர்த்து ரெண்டு ரூபாய் சொச்சம். அதற்கு மேல் பிடிப்பதில்தான் வித்தியாசம். ஆப் புரோக்கர்களில், ஜெரோதாவில் டெலிவரிக்கு, அதாவது வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதற்கு, புரோக்கரேஜ் கிடையாது. ஆனால் விற்கிற அன்றைக்கு, டீமேட்டிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்கு டிபி சார்ஜ் என்று 15 ரூபாய் 34 பைசா போகும். ஆக, போய்வர பதினெட்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். குரோ, ஏஞ்சல் ஒன் மாதிரி இடங்களில் டெலிவரிக்கும் 0.1 சதவீதம் அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது, ஆனால் ஐந்து ரூபாய்க்குக் குறையாது. ஏஞ்சல் ஒன் முன்பு டெலிவரியை இலவசமாகத்தான் கொடுத்துவந்தது, 2024 நவம்பரில் நிறுத்திவிட்டது. அங்கே ஜிஎஸ்டி, டிபி எல்லாம் சேர்த்தால் முப்பத்தைந்து ரூபாயை ஒட்டி வரும். பேங்க் கணக்கில் புரோக்கரேஜ் அரை சதவீதம் வாக்கில், கூடவே குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கும்; அது 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாங்க ஒன்று, விற்க ஒன்று, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, டிபி கட்டணம் எல்லாம் கூட்டினால் எண்பதைத் தொட்டுவிடும். ஆயிரம் ரூபாய்க்கு எண்பது ரூபாய் என்றால், உங்கள் பங்கு எட்டு சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் போட்டபடி திரும்பும். பேங்க் எஃப்டியில் ஒரு வருஷம் போட்டாலே அவ்வளவு கிடைக்காது. அதே பேங்க் கணக்கில் ஒரு லட்சத்துக்கு வாங்குகிறவருக்கு இந்தக் குறைந்தபட்சம் என்பது கண்ணிலேயே படாது, அதனால் அவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். அவர் சொல்வதைக் கேட்டு நீங்கள் கணக்குத் திறக்க வேண்டாம்.

அந்த டிபி சார்ஜைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. எத்தனை பங்கு விற்றாலும், ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது பிடிக்கப்படும். நூறு பங்கு விற்றாலும் 15.34, ஒரே ஒரு பங்கு விற்றாலும் 15.34. அப்போது ரெண்டாயிரத்தை ஐந்து கம்பெனியில் நானூறு நானூறாகப் பிரித்துப் போட்டவர் ஒட்டுக்கா விற்றால் எழுபத்தேழு ரூபாய் போச்சு. பிரித்துப் போடுவது நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் ரெண்டாயிரத்தைப் பிரிப்பது வேறு, ரெண்டு லட்சத்தைப் பிரிப்பது வேறு. (பெண்கள் பெயரில் கணக்கு இருந்தால் டீமேட் பங்குகளைக் காக்கும் நிறுவனமான சிடிஎஸ்எல், அந்த டிபி சார்ஜில் தனக்கு வரும் பகுதியில் 25 பைசா தள்ளுபடி தருகிறது. அதற்காக யாரும் வீட்டம்மா பெயரில் திறக்கப்போவதில்லை, இருந்தாலும் இருக்கட்டும்.)

பேங்க்குக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. பங்கு வாங்கும் வரை பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும், வட்டியும் ஓடும். ஆப் புரோக்கரிடம் முதலில் பணத்தை ஏற்ற வேண்டும். சும்மா கிடக்கும் பணத்தை அவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் உங்கள் பேங்க்குக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி இருக்கிறது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. பணம் ஏற்றும்போது யுபிஐ பயன்படுத்துங்கள். நெட்பேங்கிங் வழியாக ஏற்றினால் சிலர் ஒன்பது ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கிறார்கள், ஐந்நூறு ரூபாய் ஏற்றுகிறவருக்கு இது அநியாயம்.

சப்-புரோக்கர் ஆபீஸ் கதை தனி. கோவைக்கென்றே ஒரு பங்குச்சந்தை இருந்தது, திருச்சி ரோட்டில். மும்பையில் என்எஸ்இ என்கிற தேசியப் பங்குச்சந்தை வந்து கம்ப்யூட்டர் வணிகம் பரவிய பிறகு அங்கே வேலையில்லாமல் போய், 2013-ல் செபி அதற்கு விடை கொடுத்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய ஆட்கள், அவர்களிடம் தொழில் கற்றவர்கள் இன்னும் கோவை, ஈரோடு, கோபி, தாராபுரம் என்று அங்கங்கே இருக்கிறார்கள். கட்டணம் கூடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்பா பெட்டியில் பழைய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் காகிதப் பத்திரம் கிடக்கிறது, அவர் தவறிப்போய்விட்டார், அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வந்தால் எந்த ஆப்பும் உதவாது. இந்த ஆபீஸ்காரர்தான் எந்த பாரம், எங்கே கையெழுத்து, கம்பெனியின் பங்குப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எந்த ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்புவது என்று உட்கார வைத்துச் சொல்வார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதமாக இருக்கும் பங்கை விற்று அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியாது, டீமேட் ஆக்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அவருக்கு இன்னும் சோலி இருக்கிறது. ஆனால் "பாஸ்வேர்டை எங்கிட்டக் கொடுத்துருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் அவருக்குக் கமிஷன் வருகிறது, அப்புறம் உங்கள் கணக்கில் தினமும் வியாபாரம் நடக்கத்தானே செய்யும்.

சரி, கணக்கு திறந்தாச்சு, எதை வாங்குவது? பக்கத்து ஊர்க் கம்பெனி என்றால் நமக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை இந்தப் பக்கம் ரொம்ப அதிகம். கரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916-ல் கரூர் வைஸ்யா பேங்க், 1926-ல் லட்சுமி விலாஸ் பேங்க், ரெண்டும் அதே ஊரில் முளைத்தவை, ரெண்டையும் ஜனங்கள் வீட்டுக் கடை மாதிரிதான் பார்த்தார்கள். 2020 நவம்பரில் லட்சுமி விலாஸை டிபிஎஸ் பேங்க்கோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை, பங்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு பைசாகூட மிஞ்சவில்லை, பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடி செய்யப்பட்டது. கரூர் வைஸ்யா இன்றைக்கும் சந்தையில் நன்றாகத்தான் நடக்கிறது. 2015-ல் இந்த ரெண்டு பேங்க்கிலும் கணக்கு வைத்திருந்த ஒருவரால் எது நிற்கும், எது போகும் என்று கிளையில் வரிசையில் நின்றே கண்டுபிடித்திருக்க முடியுமா என்ன?

அதனால் மாசம் ரெண்டாயிரத்துக்கு உள்ளே என்றால் தனிப் பங்கை விட நிஃப்டி 50 ஈடிஎஃப் மேல், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளை ஒரே கட்டாக்கி, பங்கு மாதிரியே சந்தையில் விற்கும் ஃபண்ட். நம் நாட்டில் ஒரு பங்கில் பாதி, கால் என்று வாங்க முடியாது. ஒரு பங்கே ஐந்து இலக்க விலையில் நிற்கிற எல்எம்டபிள்யூவை (மேலே சொன்ன லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்தான்) சின்னக் கையால் தொடவே முடியாது. அப்படி ஒரு ஈடிஎஃப்பான நிஃப்டி பீஸ் ஒரு யூனிட் சில நூறு ரூபாய்தான், அதற்குள் ஐம்பது கம்பெனி. ஈடிஎஃப்பில் எஸ்டிடி வரியும் வாங்கும்போது கிடையாது, விற்கும்போது 0.001 சதவீதம் மட்டும். ஒன்று கவனிக்க வேண்டும், வியாபாரம் மெலிவாக நடக்கும் ஈடிஎஃப்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருக்கும், அதனால் அதிகம் கைமாறுகிறதை மட்டும் எடுங்கள், சந்தை விலை ஆர்டர் போடாமல், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே சொல்லும் லிமிட் விலை போடுங்கள்.

ஆயிரத்துக்கும் கீழே என்றால் என் தீர்ப்பு வேறு: டீமேட்டே வேண்டாம், நிஃப்டி மாதிரிப் பட்டியலை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், ஏஜென்ட் இல்லாத டைரக்ட் பிளானில் எஸ்ஐபி என்கிற மாதத் தவணை போதும். ஐந்நூறுக்கே ஆரம்பிக்கலாம், டிபி சார்ஜ் கிடையாது, மாசா மாசம் தானாகப் பிடித்துக்கொள்ளும். பங்கு வாங்கின கிக் அதில் இல்லை என்பது வாஸ்தவம்தான். எனக்கே அது பெரிய குறையாகத் தெரியவில்லை, இருபது வயசுப் பையனுக்குத் தெரியும்.

வருஷ பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பலபேர் சண்டை போடுகிறார்கள், அதைச் சுலபமாக முடித்துவிடலாம். 2024 செப்டம்பரிலிருந்து, உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்கு இருந்து, அதில் இருப்பு நாலு லட்சத்துக்குள் என்றால் அது பிஎஸ்டிஏ என்கிற சின்ன முதலீட்டாளர் வகைக்குள் வரும், பராமரிப்புக் கட்டணம் பூஜ்யம். ரெண்டு மூணு ஆப்பில் சும்மா திறந்து வைத்தால் அந்தச் சலுகை போய்விடும். ஒன்றைத் திறங்கள், நாமினி பெயரைப் போடுங்கள்.

திறக்கும்போது கீழே ஒரு கட்டம் வரும், எஃப் அண்ட் ஓ (பங்கையே வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் வியாபாரம்) வேண்டுமா என்று. 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வின்படி, மூணு வருஷத்தில் அந்தப் பக்கம் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிற தொல்லையும் மிச்சம்.