மின்சாரம் இருந்தும் 0 காட்டிய கிளாம்ப் மீட்டர்

நூற்பாலையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். போன மாதம் ரிங் ஃபிரேம் என்ற நூற்கும் இயந்திரம் ஒன்றின் கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை, மாற்ற வேண்டியிருந்தது. மின் வரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை அணைத்துவிட்டு, கான்டாக்டருக்குள் வரும் மூன்று ஃபேஸையும் எர்த்துடன் வைத்து, மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். மூன்றிலும் 0. "கழற்றட்டுமா அண்ணா?" என்று கேட்டபடியே உதவிக்கு வந்த பையன் ஸ்குரூடிரைவரை நீட்டிவிட்டான். பழைய பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்த நியான் டெஸ்டரையும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். நீல ஃபேஸில் எரிந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தேன். ஐசோலேட்டருக்குள் மின்சாரத்தை இணைக்கும் ஒரு பிளேடு உருகி ஒட்டியிருந்திருக்கிறது.

பிளேடு ஒட்டுவது நடப்பதுதான். அதைக் கண்டுபிடிக்கத்தானே மீட்டர்? மீட்டரை மறுபடி நீல ஃபேஸில் வைத்து, அதன் சிவப்பு லீடு (அளக்கும் வயர்) செருகும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். 0 என்றிருந்த திரை 238க்குத் தாவியது. விரலை எடுத்ததும் மறுபடி 0. பேட்டரி குறைந்ததற்கான குறிகூட இல்லை.

ஃப்ளூக் நிறுவனம் தன் 373, 374, 375, 376 கிளாம்ப் மீட்டர்களை அமெரிக்காவில் திரும்பப் பெற்றதும் இப்படிப்பட்ட கோளாறுக்காகத்தான். லீடு செருகும் இடத்தோடு உள்ளே சர்க்யூட் பலகை சரியாகப் பொருந்தாமல் போகலாம், ஆபத்தான மின்சாரம் இருந்தாலும் மீட்டர் இல்லையென்று காட்டலாம் என்று ஊரறியச் சொன்னார்கள். என்னுடையது வேறு நிறுவனத்துடையது. புகார் நடப்பதால் பெயரை எழுதவில்லை.

விற்ற கடைக்குக் கொண்டுபோனேன். "கீழே போட்டிருப்பீர்கள்" என்றார் கடைக்காரர். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது, ஒருமுறைகூட விழுந்ததில்லை. தொடர் எண்ணையும் ரசீதையும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த எண் திரும்பப் பெறும் பட்டியலில் இருப்பதாகவும், நான் வாங்குவதற்கு முன்பே கடைக்குத் தகவல் அனுப்பிவிட்டதாகவும் பதில் வந்தது. தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார். ஒரு பையனின் உயிர் அவருக்குத் தேங்கிய சரக்கைவிட மலிவாகப் போய்விட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது.

தொழிலில் இருப்பவர்கள் இன்றே மீட்டரின் பின்புறத்தில் உள்ள தொடர் எண்ணை நிறுவனத்திடம் கேட்டுச் சரிபாருங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். அதைவிட முக்கியம், மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு முனையில் முதலில் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் அந்தப் பழைய முனைக்கே வந்து பாருங்கள். இப்படிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அன்று அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை.

நேற்று அந்தக் கடை வழியாக வந்தேன். அதே மீட்டரின் பெட்டிகள் இரண்டு கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கின்றன.