நாக்ஸோஸ் தீவில் காரில்லாமல் எட்டு வாரம்

கிரேக்கத் தீவுக்குப் போகிறோம் என்று சொன்னால் போதும், "கார் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தைத் தாண்ட முடியாது" என்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2019 மே மாதத்தில் பத்து நாள், 2022 செப்டம்பர் கடைசியில் தொடங்கி மூன்று வாரம், 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட நான்கு வாரம் என்று மூன்று தடவை நானும் மனைவியும் நாக்ஸோஸில் தங்கியிருக்கிறோம். ஒரு தடவைகூடக் காரோ ஸ்கூட்டரோ எடுக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வளையும் சாலையில் ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சாலை மட்டும்தானே தெரியும்? தானும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். காரணம் அவ்வளவுதான்.

சிக்ளடீஸ் தீவுகளிலேயே பெரியது நாக்ஸோஸ். ஏதென்ஸ் நகரின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கப்பலை விட்டு இறங்கினால் பேருந்து நிலையம் எதிரிலேயே இருக்கிறது. அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்கும் இடம். முதல் தடவை கடற்கரை ஓரமாக, தலைநகரான ஹோராவுக்கு வெளியே அறை எடுத்தோம். மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க, முதலில் இன்னொரு பேருந்தில் துறைமுகத்துக்கு வர வேண்டியிருந்தது. பத்து நாளில் நான்கு காலைப்பொழுது இப்படியே போயிற்று. அடுத்த இரண்டு தடவையும் நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் வீடு எடுத்தோம். அதன் பிறகு தீவே எங்களுக்குத் திறந்துவிட்டது போல இருந்தது.

ஊர்விட்டு ஊர் போகும் பேருந்துகளை நடத்தும் அமைப்புக்கு கிரேக்கத்தில் க்தெல் என்று பெயர். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பேருந்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நிலையத்தில் கிடைக்கும், வழியில் சில பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். மலையில் ஏறுவதாக இருந்தால் திரும்பி வரவும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பக்கத்துக் கடற்கரைகளுக்கு ஆளுக்கு 2 யூரோ அளவில் கொடுத்தோம், மலை ஊர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், சில சமயம் வாரத்துக்கு வாரமும் மாறும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும், முதல் நாள் மாலை நிலையத்துக்கு நடந்து போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இரண்டு கிரேக்கச் சொற்களை மட்டும் எழுத்துருவோடு பழகிக்கொள்ளுங்கள். காதிமெரினா என்றால் தினமும், கிரியாகி என்றால் ஞாயிறு. இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மேல் அபிராந்தோஸ் ஊரில் மாலை வண்டிக்காக நின்றோம். வரவில்லை. நான் பார்த்து வைத்திருந்தது வார நாள் பத்தி. வெளிச்சம் குறையக் குறைய மலைக்காற்று குளிர ஆரம்பித்தது. நாங்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காபிக் கடை அம்மா, தானே போன் எடுத்து டாக்சியை வரவழைத்தார். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை எங்களைக் கடைக்குள் உட்காரவைத்து, கேட்காமலேயே மலைத் தேநீர் கொண்டு வந்து வைத்தார், காசு வாங்கவில்லை. டாக்சிக்கு மட்டும் பேருந்துக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆயிற்று. 2024-இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5-ஆம் தேதி வந்தது. அந்த நாட்களுக்கு வெளியூர்த் திட்டமே போடாமல் ஹோராவிலேயே இருந்துகொண்டோம்.

சரி, எங்கே போகலாம்? எனக்குப் பிடித்தது ஹால்கி. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒலிவத் தோப்புக்குள் பத்து நிமிடம் நடந்தால் அயியோஸ் யோர்யோஸ் தியாசோரிதிஸ் என்ற 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். சுற்றிலும் வயதான ஒலிவ மரங்கள், அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி. ஹால்கியில் 1896 முதல் நடக்கும் ஒரு வடிசாலை இருக்கிறது. கித்ரோ என்ற பழமரத்தின் இலையிலிருந்து அந்தத் தீவுக்கே உரிய மதுவை வடிக்கிறார்கள்; நம் ஊர் நார்த்தை அதன் நெருங்கிய சொந்தம். இலையைக் கசக்கி மோந்து பார்த்தபோது எனக்கு வீட்டு ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது. அங்கிருந்து கல் பாவிய பழைய பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினால் மோனி ஊருக்குப் பக்கத்தில் பனாயியா த்ரோசியானி. தீவின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. உள்ளே ஓவியங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, மேல் பூச்சை அகற்றிய இடத்தில் அடியிலிருக்கும் பழைய முகங்கள் தெரிகின்றன. காரில் வருகிறவர்களும் வாசலில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையில் நடந்து வந்து, வியர்வையோடு அந்த இருட்டுக்குள் நுழையும்போது முதுகில் படும் குளிர்ச்சி நடந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஃபிலோதியில் இறங்கி ஸாஸ் மலைக்கு இரண்டு தடவை ஏறினோம். சிக்ளடீஸிலேயே உயரமான மலை, 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும். அரியா ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஸாஸ் குகை வழியாகச் செங்குத்தாக ஏறி, மறுபக்கம் அயியா மரீனா சிற்றாலயத்தை ஒட்டி இறங்கினோம். கார்க்காரர்கள் வண்டியை விட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏறும் பாதை ஒன்று, இறங்கும் பாதை வேறு. குகைக்கு மேல் சரளைக்கல் காலுக்கடியில் வழுக்கும், அந்தப் பக்கம் இறங்க முயல வேண்டாம். கடைசியில் ஃபிலோதியின் பெரிய பிளேன் மரத்தடியில் பேருந்துக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தை நாங்கள் வீணான நேரமாக நினைக்கவே இல்லை. பக்கத்து மேசையில் தாயம் மாதிரி தாவ்லி ஆடிக்கொண்டிருந்த தாத்தாக்கள் பேருந்து வளைவில் திரும்பும் சத்தத்தைக் கேட்டதும், எங்களுக்கு முன்பே "லியோஃபொரியோ!" என்று கை காட்டினார்கள்.

கடற்கரைப் பக்கம் பேசவே வேண்டாம், அவ்வளவு வசதி. அயியோஸ் ப்ரோகோப்பியோஸ், அயியா அன்னா, ப்லாக்கா மூன்றும் ஒரே தடத்தில் வரும். எங்களுக்குப் பிடித்த நாள் இது: ப்லாக்காவில் இறங்கி, மணலிலும் பாறை ஓரத்திலுமாகத் தெற்கே மிக்ரி விக்லா வரை நடந்து, அங்கே வேறு தடத்துப் பேருந்தைப் பிடித்து வீடு திரும்புவது.

வடக்கே அப்போல்லோனாஸ் மட்டும் யோசித்துப் போக வேண்டிய இடம். கைவிடப்பட்ட கல்குவாரியில் 10 மீட்டருக்கு மேல் நீளமான, முடிக்கப்படாத பளிங்குச் சிலை ஒன்று படுத்திருக்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் போக வர நாள் முழுக்கப் போய்விடும், வளைவுகள் அதிகம். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். சங்ரி பக்கத்து தெமெதர் கோயிலுக்குப் பேருந்தை விட்டு வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், நிழல் கிடையாது. கோடையில் அதற்கு மட்டும் டாக்சி பேசிக்கொள்வதே நல்லது. கிழக்குக் கரையின் சின்னச் சின்ன வளைகுடாக்களை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. கார் இருந்தால் பார்த்திருப்போம், அதை மறைக்க விரும்பவில்லை. கைக்குழந்தையோடோ, நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடோ வருகிறவர்கள் இரண்டு நாளைக்காவது கார் எடுப்பதுதான் சரி.

மூன்று நாளுக்கு வருகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் தாராளமாக நம்பலாம். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஏப்ரலில் வண்டிகள் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் வண்டிகள் கூடும், கூட்டமும் கூடும், மெல்தேமி என்ற பலத்த வடகாற்றும் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்துச் சின்னத் தீவுகளையும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிதிஸ் என்ற சிறிய கப்பல் நாக்ஸோஸிலிருந்து இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசியா வழியாக அமோர்கோஸ் பக்கம் போகிறது. கூஃபோனிசியாவில் எல்லாமே நடந்து போகும் தூரம். காற்று பலமாக அடித்தால் கப்பலையே நிறுத்திவிடுவார்கள், அபகோரெஃப்திகோ, அதாவது கப்பல் தடை, என்று துறைமுகத்தில் பேச்சு அடிபடும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த தடவை ஹோராவில் பாதி, ஃபிலோதியில் பாதி என்று தங்கப் போகிறோம். மலையிலிருந்து கீழே வரும் முதல் வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். இந்த முறை அவர்களோடு சேர்ந்து இறங்கி, கடலில் குளித்துவிட்டு, மதிய வண்டியில் மேலே ஏற வேண்டும்.