கொமோடோ உடும்பா, யூக்கா அந்துப்பூச்சியா?

பிள்ளைகளிடம் ஓர் உயிரினத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் இந்த இரண்டும்தான் மிஞ்சின. நான் அந்துப்பூச்சியை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் நேரில் பார்த்ததில்லை, படித்ததையும் வீடியோவில் பார்த்ததையும் வைத்தே சொல்கிறேன்.

கொமோடோவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று மீட்டர் வரை வளரும், மானையே சாய்த்துவிடும், கடியில் விஷமும் உண்டு. இந்தோனேசியாவின் சில தீவுகளை விட்டால் காட்டில் வேறெங்கும் கிடையாது. ஆண் துணையே இல்லாமல் பெட்டை இட்ட முட்டைகள் பொரித்ததும் உண்டு. பார்த்ததும் வாய் பிளக்க வைப்பதில் இதை மிஞ்ச முடியாது.

யூக்கா அந்துப்பூச்சி விரல் நகத்தளவுதான். வட அமெரிக்காவில், யூக்கா என்ற செடியின் வெள்ளைப் பூவுக்குள் வெள்ளையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் பூச்சியின் வாயருகே உணர்கொம்பு போல வளைந்த இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி, உருட்டி, தலைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பூவுக்குப் பறக்கும். சூல்பையில் துளையிட்டு முட்டை வைக்கும். அப்புறம் செய்வதுதான் என்னை மயக்கியது: மேலே ஏறிப்போய், கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடிக்குள் திணிக்கும். பூ காய்த்தால்தானே புழுவுக்கு விதை கிடைக்கும்! புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும், மீதி செடிக்கு. பேராசைப்பட்டு முட்டைகளை அதிகமாக வைத்துவிட்டால், செடி அந்தப் பூவையே பெரும்பாலும் உதிர்த்துவிடும். பூச்சி இப்படி மகரந்தம் சேர்ப்பதை 1870களில் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி விவரித்தார்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: இது போனால் கூடவே எது போகும்? கொமோடோ அழிந்தால் ஈடுசெய்ய முடியாத இழப்புதான். 2021இல் அதை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் செம்பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்று சேர்த்தும்விட்டார்கள். ஆனால் அதன் இரையான மான் அது இல்லாமலும் குட்டி போடும். யூக்காவின் கதை வேறு. இந்தப் பூச்சி இல்லாத நாடுகளில் தோட்டத்து யூக்கா கொத்துக் கொத்தாகப் பூக்கும், பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வளரும் ஜோஷுவா மரமும் யூக்காதான். அத்தனை பெரிய மரத்துக்கு, மேற்கே ஒரு பூச்சியினம், கிழக்கே இன்னொன்று. விதைக்கு வேறு வழி இல்லை.

ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் கொமோடோவே சரியாக இருக்கலாம். நான் பேசியது மகரந்தச் சேர்க்கையைப் பாடத்தில் படித்துவிட்ட பிள்ளைகளிடம்.